ஆயரின் திருத்தம்

வியாழக்கிழமைகளில் டொலறஸ் தன் சொந்தக் கோயில் இருக்கும் தெருவால் போகமாட்டாள். பார்க்கிங் ஊரின் ரெயில் ஸ்டேஷனைத் தாண்டி, சந்தையைச் சுற்றிக்கொண்டு, அங்கிலிக்கன்காரரின் கோயில் மண்டபத்துக்குப் போவாள். அங்கேதான் கஷ்டப்பட்டவர்களுக்கு இலவசமாகச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கும் ஃபூட் பாங்க் நடந்தது. அவளுடைய கத்தோலிக்கக் கோயிலிலும் கேட்டால் சாமான் கொடுப்பார்கள். ஆனால் அங்கே மேசைக்குப் பின்னால் நிற்பவர்களில் பாதிப்பேர் அவளுடைய ஊரான மன்னார் ஆட்கள். தமிழ்ப் பூசையில் பக்கத்தில் முழங்காலில் நிற்கும் பெண்ணிடமே போய் அரிசியும் டின்மீனும் வாங்குவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

அவள் கணவன் சவிரிமுத்து ஒரு வெயார்ஹவுஸில், பாரம் தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டியவன். இந்த நாட்டுக்கு வந்த காலத்திலிருந்து ஒரு நாள்கூட வேலை இல்லாமல் இருந்தவனல்ல. கிறிஸ்மஸுக்கு முன்னர் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்து, பாரம் தூக்கவோ இயந்திரம் ஓட்டவோ கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஏஜென்சி மூலம் செய்த வேலை. சுகவீன லீவுச் சம்பளம் கொஞ்சக் காலத்தில் நின்றுபோனது. நோயாளிகளுக்கான கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தால், முதலில் அரசாங்கத்தின் மருத்துவப் பரிசோதனை முடியவேண்டும் என்றார்கள். பரிசோதனைக்கு நாள் வரவில்லை. குளிர் போய் மரங்கள் பூத்துவிட்டன. அப்போதும் வரவில்லை. டொலறஸ் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்து கொண்டுவருவது வாடகைக்கே காணாது. மகள் றூபினி யூனிவர்சிட்டியில் நேர்ஸிங் படித்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் ஒரு கடையில் வேலைக்கு நின்றாள்.

மண்டபத்தில் ஒரு வியாழக்கிழமை, வெள்ளைக் கொலரும் கழுத்தில் சிலுவையும் அணிந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் மேசை மேசையாகப் போய் ஆட்களுடன் கதைத்துக்கொண்டிருந்தார். உயரமானவர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். டொலறஸுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் பெயர் ஜூடித் என்றார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த பெண் குனிந்து, "அவ இந்தப் பகுதிக்கு பிஷப்" என்று டொலறஸிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்.

டொலறஸ் எழும்பப் பார்த்தாள். ஊரில் ஆயரை, அதாவது பிஷப்பைக் கண்டால் 'ஆண்டகை' என்று சொல்லி மோதிரத்தை முத்தமிடுவார்கள். ஒரு பெண்ணை ஆண்டகை என்று அழைக்கலாமா? கடைசியில் "மேடம்" என்றாள். ஆயர் சிரித்து, அவள் கையைப் பிடித்து இருக்கவைத்தார்.

பாராளுமன்றத்தின் மேல்சபையான பிரபுக்கள் சபையில் சில ஆயர்களுக்கு இடம் உண்டு என்பது டொலறஸுக்குத் தெரியாது. அந்த வருடம் அரசாங்கம் கொண்டுவந்த ஒரு சட்டமூலம், பரிசோதனை முடியுமட்டும் கொடுப்பனவு கிடையாது என்பதை நிரந்தரமாக்கப் பார்த்தது. அதைப் பற்றி அடுத்த கிழமை தான் சபையில் பேசப்போவதாக ஆயர் சொன்னார். பெயர் சொல்லாமல் அவர்கள் வீட்டுக் கதையைச் சொல்லலாமா என்று கேட்டார். டொலறஸ் யோசித்தாள். பெயர் வராது என்றால் யாருக்குத் தெரியப்போகிறது? தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டுக்கு உணவுப் பையைக் கொண்டுபோனால் கணவர் என்ன செய்வார் என்று ஆயர் கேட்டார். சவிரிமுத்து பையைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் முகம் கழுவுவான். அதற்கு ஆங்கிலச் சொல் சட்டென்று வாயில் வராததால், இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தி, வழித்துக் காட்டினாள். ஆயர் கண்களை மூடித் தலையசைத்தார்.

சவிரிமுத்துவுக்கு அவள் இதைச் சொல்லவில்லை.

அடுத்த கிழமை, முன்பு வேறோர் இடத்தில் அவனோடு வேலை செய்த, அவன் விழுந்ததை அறியாத கல்யாணசுந்தரம் ஒரு வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். "பாருங்கோ அண்ணை, பாராளுமன்றத்தில எங்கட ஆள் ஒராளைப் பற்றிக் கதைக்கினம். பாவம் மனுசன்" என்று குரல் செய்தியும் போட்டிருந்தான். சவிரிமுத்து குசினியில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்தான். சிவப்பு ஆசனங்களின் நடுவே ஒரு பெண் ஆயர் நின்று பேசிக்கொண்டிருந்தார். தன் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பம். கணவர் ஆண்டுக்கணக்காக ஃபோர்க்லிப்ட் ஓட்டியவர். இதய சத்திரசிகிச்சைக்குப் பின் காத்திருக்கிறார். "மனைவி உணவுப் பையோடு வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு தடவையும், அந்த மனிதர் கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறார்" என்றார் ஆயர். சபை அசையாமல் கேட்டது.

சவிரிமுத்து அதைத் திரும்பவும் போட்டுப் பார்த்தான். டொலறஸ் வேலையால் வந்து கோட்டைக் கழற்றுமுன் போனை அவள் பக்கம் நீட்டினான்.

"இது ஆர்?"

டொலறஸ் பார்த்தாள். "பெயர் சொல்லேல்லைத்தானே, இஞ்சாருங்கோ..."

"பெயர் கிடக்கட்டும். நான் எப்ப அழுதனான்? நீர் என்னெண்டு சொன்னனீர் அந்த மனுசிக்கு?"

"அழுதவர் எண்டு நான் சொல்லேல்லை. முகம் கழுவுறவர் எண்டுதான்... கையால காட்டினனான். அவ அப்பிடி விளங்கியிட்டா போல."

"ஊர் உலகத்துக்கு முன்னால என்னை அழ வைச்சிட்டியள், ரெண்டு பேருமாச் சேர்ந்து."

சத்தம் கேட்டு றூபினி அறையிலிருந்து வந்தாள். வீடியோவைப் பார்த்துவிட்டு, "அப்பா, ஷீ வோஸ் ட்ரையிங் டு ஹெல்ப்" என்றாள். "உங்களுக்காகத்தானே அங்க நிண்டு கதைக்கிறா."

"உதவி செய்யட்டும், பிள்ளை. வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா பொய் சொல்லி என்னத்துக்கு உதவி?"

அதன் பிறகு அவன் டொலறஸோடு கதைக்கவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டான். கேட்டதற்குத் தலையாட்டினான். அடுத்த வியாழக்கிழமை, அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, இஸ்திரி போட்ட சேர்ட்டும் பூசைக்குப் போடும் கறுப்புச் சப்பாத்துமாக வாசலில் நின்றான்.

"நானும் வாறன்."

நடக்கும்போது இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்கினான். டொலறஸ் பக்கத்தில் நின்றாள். கையைப் பிடிக்கப் பயமாக இருந்தது. மண்டபத்தில் ஆயர் இல்லை. தேத்தண்ணி ஊற்றும் பெண்ணிடம் சவிரிமுத்து நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னான்: பாராளுமன்றத்தில் அழுததாகச் சொல்லப்பட்ட ஆள் நான்தான். நான் அழவில்லை. பிஷப்பிடம் இதைச் சொல்லவேண்டும். அந்தப் பெண் போனை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். திரும்பி வந்து, ஆயர் சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்கே வருவதாகச் சொன்னாள்.

சனிக்கிழமை லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஆயர் ஜூடித் படியேறித்தான் வந்தார். துணைக்கு யாரையும் கூட்டிவரவில்லை. குசினி மேசையைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்தார்கள். டொலறஸ் தேத்தண்ணியும் சுடச்சுடப் பொரித்த பற்றிஸும் வைத்தாள். ஒருவரும் தொடவில்லை.

சவிரிமுத்து ஆங்கிலத்தில்தான் தொடங்கினான். ஆனால் கோபத்துக்கு அந்த ஆங்கிலம் போதவில்லை. மகளிடம் திரும்பி, "பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றான்.

"கொரோனா நேரம் இந்த நாட்டில எல்லாரும் வீட்டுக்குள்ள இருந்தவை. நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனனான். கடையளுக்குப் போற சாமானை நான்தான் லொறியில ஏத்தினனான். அப்ப எங்களைப் போல வேலைக்குப் போறவைக்காக வாசல்ல நிண்டு கை தட்டினவை. இப்ப அதே ஆக்களுக்கு முன்னால என்னை ஒரு அழுகுண்ணியாக் காட்டியிருக்கிறியள். நான் பிச்சை கேக்கேல்லை. வரி கட்டினனான். எனக்கு வரவேண்டியதைக் கேக்கிறன்."

றூபினி சொன்னாள். ஒன்றையும் விடவில்லை.

ஆயர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்கள் மனைவி காட்டியதை நான் தவறாக விளங்கிக்கொண்டேன். அது ஒரு பிழை" என்றார். "ஆனால் அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. நான் திரும்பக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏனென்றால் அழுகை எனக்குத் தேவைப்பட்டது. அந்தச் சபையில் ஏழைகளின் கோபத்தைப் பற்றிப் பேசினால், கடிகாரத்தைப் பார்ப்பார்கள். கண்ணீர் என்று சொன்னால் நிமிர்ந்து பார்ப்பார்கள். அது எனக்குப் பழகிவிட்டது. என்னை மன்னிக்கவேண்டும், மிஸ்டர் சவிரிமுத்து."

அவன் பெயரை அவர் சரியாகச் சொன்னார். வரும் வழியில் சொல்லிப் பழகியிருக்கவேண்டும்.

"மன்னிப்பு இருக்கட்டும்" என்றான் சவிரிமுத்து. "சொன்ன இடத்தில திருத்துங்கோ."

"திருத்துகிறேன். சட்டமூலம் இன்னும் ஒரு தடவை சபைக்கு வருகிறது. காத்திருக்கச் சொல்லும் அந்தப் பிரிவை மாற்றும் ஒரு திருத்தத்தில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். அப்போது எழும்பிச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் அழவில்லை என்று மட்டும் சொன்னால் போதுமா? நீங்கள் சொல்ல விரும்புவது என்ன?"

சவிரிமுத்துவிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வேலையிடத்தில் எதை எங்கே வைக்கவேண்டும் என்று சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் எங்கே நோகிறது என்று கேட்பார்கள்.

"எனக்கு ஒரு கேள்வி இருக்கு" என்றான் கடைசியில். நெஞ்சில் கையை வைத்து அதைச் சொன்னான். ஆயர் கேட்டுவிட்டு, அதைத் தன் வாயால் திரும்பச் சொல்லிக் காட்டினார். அவமானம் என்ற பொருளில் ஒரு சொல்லை இடையில் சேர்த்திருந்தார். "இல்லை, அந்தச் சொல் வேண்டாம்" என்று சவிரிமுத்து ஆங்கிலத்திலேயே மறித்தான். ஆயர் அதை எடுத்துவிட்டு மறுபடி சொன்னார். சரியாக வருமட்டும் அவன் விடவில்லை.

பிறகு ஆயர் டொலறஸின் பக்கம் திரும்பினார். "உங்களைப் பற்றி நான் என்ன சொல்லவேண்டும்?"

டொலறஸ் தேத்தண்ணிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். "பையோட பஸ்ஸில வரேக்க, ஆரும் தமிழ் ஆக்கள் ஏறினா நான் அடுத்த ஸ்டொப்பில இறங்கிடுவன். பையில அந்த மண்டபத்தின்ர பெயர் எழுதியிருக்கு. மிச்சத் தூரத்துக்கு நடந்துதான் வாறனான்."

சவிரிமுத்து அவளைப் பார்த்தான். வியாழக்கிழமைகளில் அவள் ஏன் பிந்தி வருகிறாள் என்று அவன் கேட்டதே இல்லை.

"மழைக்குள்ளயுமோ?"

"ஓம்."

றூபினி இதை மொழிபெயர்க்க வாயெடுத்தாள். டொலறஸ் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தாள். "இல்லைப் பிள்ளை, இதைச் சபையில சொல்ல வேண்டாம் எண்டு சொல்லு. இது வீட்டுக்க இருக்கட்டும்." றூபினி இரண்டையும் சொன்னாள். ஆயர் சரி என்றார்.

போகும்முன் ஆயர் ஒரு பற்றிஸ் சாப்பிட்டார். கதவு சாத்தியதும் சவிரிமுத்து கோப்பைகளை எடுத்துக் கழுவத் தொடங்கினான். "நீர் இரும்" என்றான். ஒன்றரைக் கிழமையாக அவன் அவளோடு இப்படிக் கதைக்கவில்லை.

விவாதம் ஒரு புதன்கிழமை நடந்தது. மூவரும் டிஸ்ட்ரிக்ட் லைன் ரெயிலில், பாராளுமன்றம் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போனார்கள். வாசலில் பைகளைச் சோதித்து, கழுத்தில் மாட்ட ஓர் அட்டை கொடுத்தார்கள். பார்வையாளர் மாடத்துக்குப் போகும் படிகளில் சவிரிமுத்து நின்று நின்று ஏறினான். வாசலில் நின்ற காவலாளி ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்து, "அவசரமில்லை சேர்" என்றார்.

மேலிருந்து பார்க்கச் சபை வீடியோவில் தெரிந்ததைவிடச் சிறியதாக இருந்தது. எங்கும் பொன்னிறமும் சிவப்பும். ஆசனங்களில் வயதானவர்கள் சரிந்து உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை அங்கிக்கு மேல் கறுப்பு அங்கி போட்டிருந்த ஆயர் ஜூடித்தை டொலறஸ் முதலில் கண்டாள்.

முன்னாள் தாதியான ஒரு பெண் உறுப்பினர் திருத்தத்தை முன்வைத்தார். ஆஸ்பத்திரி டொக்டர் வேலை செய்ய ஏலாது என்று சொன்ன ஒருவருக்கு, அரசாங்கத்தின் பரிசோதனை முடியுமட்டும் கொடுப்பனவைக் கொடுக்கவேண்டும். கேட்டது அவ்வளவுதான். அரசாங்கப் பக்கத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பிரபு எழுந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அழுகின்ற அந்தத் தகப்பனை நாங்கள் யாரும் மறக்கவில்லை. நம் எல்லாருடைய மனமும் இளகியது. ஆனால் கண்ணீரை வைத்துச் சட்டம் எழுதமுடியாது என்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் தலையசைத்தார்கள்.

மாடத்தில் சவிரிமுத்து பக்கத்தில் சாய்ந்தான். "பாத்தீரோ?" என்று டொலறஸின் காதில் சொன்னான். "அழுதவன் எண்டால் இதுதான் மறுமொழி."

ஆயர் எழுந்தார்.

"மதிப்புக்குரிய பிரபு சொன்னது சரி. கண்ணீரை வைத்துச் சட்டம் எழுதமுடியாது. அதோடு, அந்தக் கண்ணீரும் உண்மையல்ல. சென்ற தடவை இந்தச் சபையில் நான் ஒரு மனிதர் அழுததாகச் சொன்னேன். அவர் அழவில்லை. நான் கேட்டறியாமல் சொன்னேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இன்று உங்களிடமும் கேட்கிறேன். அவர் நம்மிடம் இரக்கம் கேட்கவில்லை. ஒரு கேள்வி கேட்கிறார். அதை அவருடைய சொற்களிலேயே சொல்கிறேன். 'என் நெஞ்சைத் திறந்து என் இதயத்தைக் கையால் தொட்ட டொக்டர், என்னால் வேலை செய்ய ஏலாது என்று எழுதித் தந்திருக்கிறார். அவரும் உங்களுடைய அரசாங்க ஆஸ்பத்திரியின் டொக்டர்தான். அவர் சொன்னதை நீங்கள் ஏன் நம்பவில்லை? நம்பாவிட்டால், என்னைப் பார்க்க ஏன் இன்னும் ஒருவரையும் அனுப்பவில்லை?' அமைச்சரிடம் இதற்குப் பதில் இருந்தால், அந்த மனிதர் கேட்கும் தூரத்தில்தான் இருக்கிறார்."

சில தலைகள் மேலே திரும்பின. சவிரிமுத்து முகத்தைத் திருப்பவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அரசாங்கத்தின் அமைச்சர் எழுந்து பதில் சொன்னார். பரிசோதனைகளை விரைவுபடுத்துவோம், ஆட்களைச் சேர்ப்போம் என்றார். நடுவில் ஒரு முதியவர், அரசாங்கப் பக்கத்தைச் சேர்ந்தவர்தான், எழுந்து, "கேள்விக்குப் பதில் வரவில்லையே" என்றார். சபையில் சலசலப்பு எழுந்தது. பிறகு மணி அடித்தார்கள். உறுப்பினர்கள் வாக்களிக்க எழுந்து வெளியே போனார்கள். டொலறஸ் செபமாலையைக் கைக்குள் வைத்திருந்தாள். திரும்பி வந்து எண்ணிக்கையை வாசித்தபோது அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. றூபினி அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "அம்மா, வி வொன், திருத்தம் வெண்டிட்டுது" என்றாள்.

ரெயினில் வரும்போதே கல்யாணசுந்தரம் போன் எடுத்துவிட்டான். ஆயர் பேசிய இரண்டாவது வீடியோவையும் பார்த்து அவனுக்குச் சந்தேகம் வந்திருந்தது.

"அண்ணை, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. அது நீங்களோ?"

பெட்டி நிறைய ஆட்கள். எதிரே ஒரு தமிழ்க் குடும்பமும் இருந்தது. சவிரிமுத்து குரலைத் தாழ்த்தவில்லை.

"ஓம், நான்தான்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணை. நாங்கள் எல்லாம் எதுக்கு இருக்கிறம்?"

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வா, கதைப்போம் என்றான் சவிரிமுத்து.

ஆனால் பிரபுக்கள் சபை முடிவெடுத்தால் கதை முடிந்துவிடுவதில்லை. சட்டமூலம் கீழ்ச்சபையான மக்கள் சபைக்குத் திரும்பிப் போனது. அங்கே அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை இருந்தது, திருத்தத்தைத் தள்ளிவிட்டார்கள். பிரபுக்கள் மறுபடி அனுப்பினார்கள், மறுபடி தள்ளினார்கள். கடைசியில் அமைச்சர் ஒரு சிறு விட்டுக்கொடுப்புக்கு வந்தார். பெரிய சத்திரசிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் டொக்டரின் கடிதம் போதும். மற்ற நோயாளிகள் எல்லாரும் முன்போலவே காத்திருக்கவேண்டும்.

ஆயர் போனில் இதைச் சொன்னபோது அவர் குரல் களைத்திருந்தது. "மனநோயாளிகள், முதுகு நொந்தவர்கள், அவர்களை எல்லாம் விட்டுவிட்டோம். உங்கள் கேள்வியைக் கொண்டுபோய், அதில் ஒரு துண்டைத்தான் வாங்கி வந்திருக்கிறேன்."

"எனக்கும் இது பிரயோசனப்படாது" என்றான் சவிரிமுத்து. "புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்குத்தானே." பிறகு, அவர் மனம் நோகக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ, "பரவாயில்லை. திரும்பக் கேளுங்கள். நானும் வருகிறேன்" என்றும் தன் ஆங்கிலத்திலேயே சொன்னான்.

அவனுடைய பரிசோதனை கோடையில் வந்தது. டொலறஸ் வேலைக்கு லீவு போட்டுக்கொண்டு கூடப் போனாள். ஓர் இளம் பெண் கேள்விகள் கேட்டாள். சேர்ட்டைத் திறந்து வெட்டுத் தழும்பைக் காட்டச் சொன்னாள். கொடுப்பனவு கிடைத்தது. ஃபோர்க்லிப்டுக்கு அவன் திரும்பிப் போகவில்லை. பனிக்காலம் தொடங்கும்போது கல்யாணசுந்தரம் சொல்லிவைத்து, ஒரு பார்மஸியில் மருந்துப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் அரைநாள் வேலை எடுத்தான்.

டொலறஸ் வியாழக்கிழமைகளில் மண்டபத்துக்குப் போவதை விடவில்லை. இப்போது மேசைக்குப் பின்னால், சாமான் கொடுக்கும் பக்கம் நின்றாள். தமிழும் சிங்களமும் தெரிந்தவர்கள் அங்கே தேவைப்பட்டார்கள். ஒரு நாள் வந்து சொன்னாள்:

"இண்டைக்கு ஒரு சோமாலியப் பிள்ளை வந்தவ. அவவின்ர மனுசனுக்கு இதய ஒப்பரேசன். முந்தி வரேக்க பயந்துகொண்டு வந்தவ, கொடுப்பனவு எவ்வளவு காலம் இழுக்குமோ எண்டு. போன கிழமை விண்ணப்பிச்சவையாம், காசு வந்திட்டுது. டொக்டரின்ர கடிதம் மட்டும் கேட்டவையாம்."

சவிரிமுத்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். "மனுசன் என்ன வேலை செய்தவராம்?"

"பஸ் ஓடினவராம்."

"எந்த ரூட்?"

"அதெல்லாம் நான் கேக்கேல்லை."

அவன் மற்றச் சப்பாத்தையும் கழற்றினான். பஸ் ஓடுகிறவன் வெள்ளாப்பில், விடியுமுன் எழும்பவேண்டும், குளிரில் நிற்கவேண்டும், குடித்துவிட்டு ஏறுகிறவர்களோடு மாரடிக்கவேண்டும். அந்த ஆள் இப்போது வீட்டில் இருந்து நெஞ்சு ஆறட்டும்.

"மாத்திரையை ஒழுங்காப் போடச் சொல்லும், அடுத்த முறை கண்டால்" என்றான். "ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி நடக்கவும் சொல்லும். முதல் கொஞ்சம் பயமாத்தான் இருக்கும்."